புடாபெஸ்ட் 2023 உலகத் தடகளத்தில் இந்திய அணி தேறியதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2023 ஆகஸ்ட் 19 முதல் 27 வரை, ஹங்கேரித் தலைநகர் புடாபெஸ்டில், டான்யூப் ஆற்றங்கரையில் இதற்கென்றே கட்டிய புது ஸ்டேடியத்தில் உலகத் தடகள சாம்பியன்ஷிப் நடந்தது. ஈட்டி எறிதலில் நீரஜ் சோப்ராவின் தங்கம் ஊரறிந்த செய்தி. கூடப் போனவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டால், "ஏதோ ரிலேயில் நல்லா ஓடினாங்களே" என்பதோடு பேச்சு நின்றுவிடும். அந்த ஒன்பது நாளைப் பற்றித் தடகளம் பேசும் இடங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

ஒரே வரியில் சொல்லுங்கள், அணி தேறியதா?

பாதி அணி தேறியது. ஆண்கள் ஈட்டி எறிதல், ஆண்கள் 4x400 தொடர் ஓட்டம், பெண்கள் ஸ்டீபிள்சேஸ் (தடைகளையும் தண்ணீர்க் குழியையும் தாண்டி ஓடும் 3000 மீட்டர் ஓட்டம்) ஆகிய மூன்றிலும் போனவர்கள் வாழ்நாள் சிறந்ததையோ அதற்கு வெகு அருகில் உள்ளதையோ செய்துவிட்டு வந்தார்கள். தாண்டும் போட்டிகளில், போவதற்கு முன் அதிகம் எதிர்பார்க்கப்பட்டவர்களே சறுக்கினார்கள்.

பதக்கப் பட்டியலை வைத்து இந்திய அணியை எடை போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு வீரர் அந்த ஆண்டு தன்னுடைய சிறந்ததை எங்கே செய்தார்? உலகப் போட்டியிலா, ஊரில் நடந்த ஏதோ ஒரு மீட்டிலா? இந்த ஒரு கேள்வியைப் போட்டுப் பார்த்தாலே அணி இரண்டாகப் பிரிந்து நிற்பது தெரிந்துவிடும். கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை இதைச் சுற்றித்தான் வரும்.

கிடைத்தது ஒரே ஒரு பதக்கம். அதற்கு ஏன் இவ்வளவு பேச்சு?

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். தடகளத்தில் முதல் எட்டு இடங்களுக்கு 8, 7, 6 என்று இறங்குவரிசையில் புள்ளி கொடுத்து அணிகளை ஒப்பிடும் வழக்கம் உண்டு. முந்தைய ஆண்டு அமெரிக்காவின் யூஜீனில் நடந்த உலகப் போட்டியில் நீரஜுக்கு வெள்ளி (7 புள்ளி), அன்னு ராணிக்கு ஈட்டியில் ஏழாம் இடம் (2), முரளி ஸ்ரீசங்கருக்கு நீளம் தாண்டுதலில் ஏழாம் இடம் (2). மொத்தம் 11. புடாபெஸ்டில் நீரஜ் முதலிடம் (8), கிஷோர் ஜெனா ஐந்தாம் இடம் (4), மனு ஆறாம் இடம் (3), ரிலே அணி ஐந்தாம் இடம் (4). மொத்தம் 19.

இந்தப் போட்டி 1983-ல் ஹெல்சின்கியில் தொடங்கியது. அதிலிருந்து நாற்பது ஆண்டுகளில் இந்தியா வாங்கிய பதக்கங்கள் மூன்றே மூன்று: 2003-ல் பாரிஸில் அஞ்சு பாபி ஜார்ஜ் 6.70 மீட்டர் தாண்டி வாங்கிய வெண்கலம், 2022-ல் நீரஜின் வெள்ளி, 2023-ல் இந்தத் தங்கம். இப்படிப்பட்ட நாட்டில் ஒரே போட்டியில் முதல் எட்டுக்குள் நான்கு இடங்கள் வந்தால் பேசத்தான் செய்வார்கள்.

நீரஜின் இறுதிச் சுற்று எப்படிப் போனது?

ஆகஸ்ட் 27, இந்திய நேரம் இரவு 11.45. முதல் எறி ஃபவுல். அந்தச் சுற்று முடிந்தபோது பன்னிரண்டு பேர் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே தூரம் எதுவும் இல்லை. மூன்று எறிகளுக்குள் முதல் எட்டுக்குள் வராவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான் என்பது விதி. இரண்டாவது எறியில் 88.17 மீட்டர். அது கடைசி வரை அசையவில்லை.

அதற்குப் பிறகு அவர் எறிந்தவை: 86.32, 84.64, 87.73, 83.98. இந்த வரிசையில் ஐந்தாவது எறியான 87.73-ஐ நான் முக்கியமாகப் பார்ப்பேன். அதற்குள் பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் 87.82-க்கு வந்துவிட்டார், 35 சென்டிமீட்டர்தான் இடைவெளி. முன்னிலையில் இருக்கும் ஆள் அப்போதும் தளராமல் இன்னொரு 87-ஐ எறிவது சாதாரணக் காரியமில்லை. மேமாதம் தோஹாவில் 88.67 எறிந்து ஆண்டைத் தொடங்கியவர், பிறகு தசைப் பிடிப்பால் சில போட்டிகளைத் தவிர்த்து, ஜூன் கடைசியில் லோசானில் திரும்பி வந்தார். முழு வேகத்தில் ஓடிவர உடம்பு விடாத நிலையில்தான் புடாபெஸ்டுக்கும் போனார். அப்போது அவருடைய பயிற்சியாளர் ஜெர்மனியின் கிளவுஸ் பார்ட்டோனியட்ஸ், உடலியக்க விசையியலில் கைதேர்ந்தவர். ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து போட்டி எறியாமல் எண்ணி எறிய வைத்தது அவர்கள் வழி. அதனால் விமர்சனமும் வந்தது, தங்கமும் வந்தது.

ஆண்கள் ஈட்டியில் ஒரே நேரத்தில் ஒலிம்பிக் பட்டமும் உலகப் பட்டமும் கையில் வைத்திருந்தவர்கள் அவருக்கு முன் இருவர்தான்: செக் நாட்டின் யான் ஷெலஸ்னி, நார்வேயின் ஆன்ட்ரியாஸ் தோர்கில்ட்சன்.

தகுதிச் சுற்றில் 88.77 எறிந்தாரே, அது சேராதா?

சேராது. தகுதிச் சுற்று இறுதிச் சுற்றுக்குள் நுழைய மட்டுமே. இறுதியில் எல்லாரும் பூஜ்யத்திலிருந்து தொடங்குவார்கள். ஆனால் அந்த ஒரே எறி அவருக்குப் பாரிஸ் ஒலிம்பிக் தகுதியையும் (85.50 மீட்டர்) சேர்த்தே வாங்கிக் கொடுத்தது. மீதி இரண்டு எறிகளை எறியாமலே கிளம்பிவிட்டார்.

ஒரே நாட்டிலிருந்து மூன்று பேர் முதல் ஆறில் வந்தது உண்மையா?

உண்மைதான். கிஷோர் ஜெனா 84.77 மீட்டர், ஐந்தாம் இடம். டி.பி. மனு 84.14, ஆறாம் இடம். ஜெர்மனி, பின்லாந்து போன்ற ஈட்டிப் பாரம்பரியம் உள்ள நாடுகள் செய்கிற காரியம் இது.

ஜெனாவின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒடிசாக்காரர். ஜூலையில் இலங்கையின் தியகமவில் நடந்த போட்டியில் 84.38 எறிந்துதான் இந்த அணியில் அவர் பெயர் பேசப்பட்டது. கிளம்பும் நேரத்தில் ஹங்கேரி விசா ரத்தாகிவிட்டது. நீரஜே சமூக ஊடகத்தில் வெளிப்படையாக உதவி கேட்டார். பிறகுதான் விசா கிடைத்தது. தகுதிச் சுற்றில் 80.55 எறிந்து மயிரிழையில் உள்ளே நுழைந்தவர், இறுதியில் அதுவரையிலான தன் வாழ்நாள் சிறந்த தூரத்தை எறிந்தார். நான் மேலே சொன்ன அளவுகோலில் முழு மதிப்பெண் இவருக்குத்தான், நீரஜுக்குக்கூட இல்லை. ஐந்து வாரம் கழித்து ஹாங்ஜோ ஆசிய விளையாட்டில் 87.54 எறிந்து நீரஜுக்கு அடுத்து வெள்ளி வாங்கினார்.

மனு கர்நாடகத்துக்காரர். தகுதிச் சுற்றில் 81.31. அவரும் தன் சிறந்த தூரத்தை ஒட்டியே இறுதியில் எறிந்தார். காயம் ஆகாமலிருந்தால் ரோகித் யாதவும் போயிருப்பார். ஒரு நாட்டுக்கு மூன்று பேர்தான் என்றாலும் நீரஜ் டயமண்ட் லீக் (முன்னணி வீரர்கள் மோதும் வருடாந்திரத் தடகளத் தொடர்) சாம்பியன் என்ற முறையில் தனி இடம் பெற்றிருந்ததால் நான்கு பேர் போக வழி இருந்தது.

நீரஜ்–அர்ஷத் படம் ஒன்று பரவலாகச் சுற்றியதே?

போட்டி முடிந்ததும் நீரஜ் மூவர்ணக் கொடியோடு படத்துக்கு நின்றுகொண்டிருந்தார். வெண்கலம் வென்ற செக் வீரர் யாகுப் வாட்லெய்ச் (86.67) பக்கத்தில். கையில் கொடி இல்லாமல் தள்ளி நின்ற அர்ஷத்தை நீரஜ் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டார். பாகிஸ்தானுக்கு உலகத் தடகளத்தில் அதுதான் முதல் பதக்கம். அடுத்த ஆண்டு பாரிஸில் அதே அர்ஷத் 92.97 எறிந்து தங்கத்தை எடுத்துப் போனதும், 89.45 எறிந்தும் நீரஜுக்கு வெள்ளி என்றானதும் தனிக் கதை.

ரிலேயில் ஐந்தாம் இடம்தானே, அதற்கு ஏன் அத்தனை ஆரவாரம்?

ஆரவாரம் இறுதிச் சுற்றுக்காக எழுந்ததல்ல. அதற்கு முந்தைய நாள் நடந்த ஹீட்டுக்காக, அதாவது இறுதிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முதற்சுற்று ஓட்டத்துக்காக. ஆகஸ்ட் 26. முகமது அனஸ், அமோஜ் ஜேக்கப், முகமது அஜ்மல், ராஜேஷ் ரமேஷ் என்ற வரிசை. முதல் சுற்றை அனஸ் முடித்துத் தொடரோட்டக் கோலைக் கொடுத்தபோது இந்தியா பின்வரிசையில் இருந்தது. அமோஜ் ஒவ்வொருவராகத் தாண்டி இரண்டாம் இடத்துக்குக் கொண்டுவந்தார். அஜ்மல் அதை விடவில்லை. கடைசி நூறு மீட்டரில் அமெரிக்கருக்குப் பின்னால் ராஜேஷ் நெருக்கிக்கொண்டு வந்தபோது வர்ணனையாளர்களின் குரல் மாறியதைக் கேட்டிருப்பீர்கள். அமெரிக்கா 2 நிமிடம் 58.47 வினாடி. இந்தியா 2 நிமிடம் 59.05 வினாடி. பிரிட்டன் மூன்றாவதாக 2 நிமிடம் 59.42 வினாடி.

அந்த நேரம் ஆசியச் சாதனை. அதுவரை ஜப்பானிடம் 2 நிமிடம் 59.51 வினாடி இருந்தது. இந்தியாவின் பழைய சாதனை, 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடிய 3 நிமிடம் 00.25 வினாடி, அந்த அணியில் நம்ம திருச்சிப் பக்கத்து ஆரோக்கிய ராஜீவும் ஓடினார். அதாவது மூன்று நிமிடத்துக்குக் கீழே இந்தியா அதற்கு முன் ஓடியதே இல்லை. ஒரே மாலையில் தேசியச் சாதனையில் 1.20 வினாடி கழிந்தது. 400 மீட்டர் ஓட்டக்காரர்கள் நூறில் ஒரு பங்கு வினாடிக்காக ஒரு சீசன் முழுக்க உழைப்பவர்கள். இது எவ்வளவு பெரிய பாய்ச்சல் என்பதை அவர்களிடம் கேட்டால் தெரியும்.

தனியாக ஓடினால் 45 வினாடிக்குள் வராதவர்கள் ரிலேயில் எப்படி இந்த நேரம் ஓடுகிறார்கள்?

நல்ல கேள்வி, பலரும் கேட்பது. 2 நிமிடம் 59.05 என்றால் 179.05 வினாடி. நான்கால் வகுத்தால் ஆளுக்கு 44.76. அப்போது தனி 400 மீட்டரில் இந்தியச் சாதனை அனஸ் 2019-ல் ஓடிய 45.21. நாலு பேரில் ஒருவர்கூடத் தனியாக 45-ஐ உடைத்ததில்லை. பிறகு எப்படி?

முதல் ஆள் மட்டும்தான் பிளாக்கில் குந்தி, துப்பாக்கிச் சத்தம் கேட்டு எழுந்து ஓடுகிறார். மற்ற மூவரும் கோல் மாற்றும் எல்லைக்குள் ஓடிக்கொண்டே வாங்குகிறார்கள். நின்ற இடத்திலிருந்து வேகமெடுக்கச் செலவாகும் நேரம் அவர்களுக்கு மிச்சம். இதோடு இன்னொன்றும் உண்டு. இரண்டாவது ஆள் தன் முதல் வளைவு முடிந்ததும் லேனை விட்டு உள்பக்கம் வந்துவிடலாம். அங்கிருந்து எதிரே ஒரு முதுகு தெரியும், அதைத் துரத்தலாம். தனி ஓட்டத்தில் ஆளாளுக்கு ஒரு லேன், வளைவில் யார் முன்னே யார் பின்னே என்றே சரியாகத் தெரியாது. அமோஜ் போன்ற ஓட்டக்காரர்களுக்குத் துரத்துவதற்கு ஆள் இருந்தாலே கால் தானாக எழும்பும்.

இதற்கு மேல் பயிற்சி. ஜமைக்காவின் ஜேசன் டாசனிடம் திருவனந்தபுரம் முகாமில் இந்த அணி மாதக்கணக்கில் ஒன்றாகவே இருந்தது. கோல் மாற்றுவதில் ஒருவர் வேகத்தை ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடும் அளவுக்குப் பழக்கம். தேசியப் போட்டியில் முதல் நான்கு பேரைப் பொறுக்கி, விமானம் ஏறும் வாரத்தில் சேர்த்துவைக்கும் அணிக்கு இது வராது.

இறுதியில் ஏன் நேரம் கூடிவிட்டது?

2 நிமிடம் 59.92 வினாடி. அதுவும் மூன்று நிமிடத்துக்குள்தான். அதே நால்வர், இருபத்து நாலு மணி நேர இடைவெளியில் இரண்டாவது தடவை. அமெரிக்கா போன்ற அணிகள் ஹீட்டில் ஓட ஒரு செட், இறுதியில் ஓட வேறு செட் என்று ஆளை மாற்றிக்கொள்ளும். நம்மிடம் ஐந்தாவதாக அதே தரத்தில் ஆள் இல்லை. அமெரிக்கா, பிரான்ஸ், பிரிட்டன், ஜமைக்காவுக்கு அடுத்து இந்தியா. இந்திய நேரம் நள்ளிரவு ஒரு மணிக்கு மேல் நடந்ததால் நீரஜின் தங்கத்தோடு டிவியை அணைத்தவர்கள் பலர் இதைப் பார்க்கவே இல்லை.

தமிழ்நாட்டு வீரர்கள் யார் யார்?

ராஜேஷ் ரமேஷ், நீளம் தாண்டுதலில் ஜெஸ்வின் ஆல்ட்ரின், மும்முறை தாண்டுதலில் பிரவீன் சித்திரவேல், 400 மீட்டர் தடை ஓட்டத்தில் சந்தோஷ்குமார் தமிழரசன்.

ராஜேஷ் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர் வேலை பார்த்துக்கொண்டே ஓடியவர். ரிலேயின் கடைசி ஆளாக அவரைப் போட்டது சரியான முடிவு. முன்னால் இருப்பவரைப் பார்த்துப் பதறாமல், கடைசி நேர்க்கோட்டுக்கு என்று கொஞ்சம் மிச்சம் வைத்து ஓடத் தெரிந்தவர். சந்தோஷ் ஜூலையில் பாங்காக் ஆசிய சாம்பியன்ஷிப்பில் 49.09 வினாடி ஓடி வெண்கலம் வாங்கினார், புடாபெஸ்டில் 50.46, ஹீட்டோடு சரி. ஜெஸ்வின், பிரவீன் பற்றி அடுத்த பதிலில்.

8.42 மீட்டர் தாண்டிய ஜெஸ்வின் இறுதியில் ஏன் 7.77-ல் நின்றார்?

இதுதான் புடாபெஸ்டில் மனசை அதிகம் உறுத்தும் விஷயம். ஜெஸ்வின் தூத்துக்குடி மாவட்டம் முதலூர்க்காரர் (மஸ்கோத் அல்வாவுக்குப் பேர்போன அதே முதலூர்). 2023 மார்ச்சில் கர்நாடகத்தின் விஜயநகரில் 8.42 தாண்டித் தேசியச் சாதனை படைத்தார். ஜூனில் புவனேஸ்வரத்தில் ஸ்ரீசங்கர் 8.41. உலகில் அந்த ஆண்டு அதிகம் தாண்டியவர்கள் பட்டியலில் இரண்டு இந்தியர்கள் உச்சியில் இருந்தார்கள்.

புடாபெஸ்டில் நீளம் தாண்டுதல் வெண்கலம் 8.27 மீட்டருக்குப் போனது. நம்ம இருவருமே அந்த ஆண்டு அதைத் தாண்டியவர்கள். ஆனால் ஸ்ரீசங்கர் தகுதிச் சுற்றிலேயே 7.74-ல் வெளியேறினார். ஜெஸ்வின் சரியாக 8.00 தாண்டிக் கடைசி ஆளாக, பன்னிரண்டாவதாக உள்ளே வந்தார். இறுதியில் இரண்டு ஃபவுல், பிறகு ஒரு 7.77. பதினொன்றாம் இடம்.

ஊரில் காற்று, தளம் சாதகமாக இருந்ததால்தான் அந்தத் தூரம் வந்தது என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஜெஸ்வின் ஜூலையில் சுவிட்சர்லாந்தின் பெர்னில் 8.22 தாண்டி ஜெயித்தவர். ஸ்ரீசங்கர் அதே மாதம் பாங்காக்கில் 8.37. இருவருக்கும் வெளியூரில் தாண்டத் தெரியாது என்று சொல்ல முடியாது. கோளாறு ஓடிவரும் ஓட்டத்தில். நீளம் தாண்டுபவர் நாற்பது மீட்டருக்கு மேல் ஓடிவந்து, இருபது சென்டிமீட்டர் அகலப் பலகையில் காலை வைக்க வேண்டும். முன்பு பலகையை ஒட்டிப் பிசின் பட்டை இருக்கும். அதில் தடம் பதிந்தால் ஃபவுல். இப்போதைய விதிப்படி, கால் தரையைத் தொடாவிட்டாலும் ஷூவின் நுனி கோட்டுக்கு மேலே அந்தரத்தில் நீட்டியிருந்தாலே ஃபவுல். கேமராவும் லேசரும் பிடித்துவிடும். வேகமாக ஓடிவரும் ஜெஸ்வின் மாதிரி ஆளுக்கு இது கத்தி மேல் நடக்கிற வேலை. முதல் இரண்டு ஃபவுலானால் மூன்றாவதில் பத்திரமாக, பலகைக்கு இந்தப் பக்கமே காலை ஊன்றத் தோன்றும். அங்கேயே முப்பது நாற்பது சென்டிமீட்டர் போய்விடும்.

மும்முறை தாண்டுதலிலும் கிட்டத்தட்ட இதே கதை. பிரவீன் மேமாதம் ஹவானாவில் 17.37 தாண்டித் தேசியச் சாதனை. புடாபெஸ்டில் 16.38. அங்கே வெண்கலத்துக்குத் தேவைப்பட்டது 17.40. அப்துல்லா அபூபக்கர் 16.61. முந்தைய ஆண்டு காமன்வெல்த் தங்கம் வென்ற எல்தோஸ் பால் 15.59. மூவரில் ஒருவர்கூட இறுதிக்குப் போகவில்லை.

ஐந்து தாண்டுபவர்கள் ஒரே வாரத்தில் ஒன்றுபோல் சறுக்கினால் அதைத் துரதிர்ஷ்டம் என்று சொல்லித் தள்ள முடியாது. மார்ச்சில் தேசியப் போட்டி, ஏப்ரல், மே என்று தகுதித் தூரம் தேடி ஓட்டம், ஜூனில் மறுபடி தேர்வுப் போட்டி, ஜூலையில் ஆசிய சாம்பியன்ஷிப். ஒவ்வொன்றிலும் உச்சத்தில் இருந்தாக வேண்டும் என்றால் ஆகஸ்டில் கால் எங்கிருந்து வரும்? நீரஜுக்கு எண்ணி எறிய முடிந்தது; அவர் இடத்தை யாரும் பறிக்க முடியாது. மற்றவர்களுக்கு அந்த வசதி இல்லை.

அவினாஷ் சாப்ளே ஹீட்டிலேயே வெளியேறியது எப்படி?

3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸில் அந்த ஆண்டிலிருந்து விதி மாறியது. நேரத்தின் அடிப்படையில் யாரும் அடுத்த சுற்றுக்குப் போக முடியாது; ஒவ்வொரு ஹீட்டிலும் முதல் ஐந்து பேர் மட்டும்தான். சாப்ளே 8 நிமிடம் 22.24 வினாடியில் ஏழாவதாக வந்தார். ஜூலையில் போலந்தில் 8 நிமிடம் 11.63 வினாடி ஓடியவர். மாட்டிக்கொண்டது கடைசிச் சுற்றில். சீரான வேகத்தில் ஓடி நேரம் எடுப்பதில் அவர் கெட்டிக்காரர். இடம் பிடிக்க ஓடும் ஓட்டத்தில், கடைசித் தண்ணீர்த் தடைக்கு முன் யார் உந்துகிறாரோ அவர் பிழைத்தார். அந்தப் பாடத்தை அவர் கற்றுக்கொண்டார் என்று நினைக்கிறேன்; ஏனென்றால் அடுத்த ஆண்டு பாரிஸில் இறுதிக்குப் போனார்.

பெண்கள் அணி?

பாருல் சௌத்ரி. ஸ்டீபிள்சேஸ் இறுதியில் 9 நிமிடம் 15.31 வினாடி, பதினொன்றாம் இடம், புதிய தேசியச் சாதனை. அதற்கு முந்தைய சாதனை லலிதா பாபர் 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஓடிய 9 நிமிடம் 19.76 வினாடி, ஏழு ஆண்டாக நின்றது. பாரிஸ் தகுதிக்குத் தேவையான 9 நிமிடம் 23-ஐயும் தாராளமாகத் தாண்டிவிட்டார். பதினொன்றாம் இடத்துக்குத் தலைப்புச் செய்தி கிடைக்காது. ஆனாலும் உலகப் போட்டியின் இறுதிச் சுற்றில், தன் வாழ்நாள் ஓட்டத்தை ஓடியவர் அவர். ஜெஸ்வினும் பதினொன்று, பாருலும் பதினொன்று, இரண்டும் ஒன்றா?

மற்றவர்களில் ஜோதி யர்ராஜி 100 மீட்டர் தடை ஓட்டத்தில் 13.05, அதே மாதம் செங்டு பல்கலைக்கழக விளையாட்டில் 12.78 ஓடியிருந்தார். அன்னு ராணி 57.05, ஷைலி சிங் 6.40. இருவரும் தகுதிச் சுற்றோடு திரும்பினார்கள். நடைப் போட்டியில் ஒரு வீராங்கனை, ஊக்கமருந்துச் சோதனைக்கு இருப்பிடத் தகவல் தரத் தவறியதாக இடைநீக்கம் செய்யப்பட்டுக் களமிறங்காமலே ஊர் திரும்பினார்.

பரிசுப் பணம் உண்டா?

உண்டு. தனிப் போட்டியில் தங்கத்துக்கு 70,000 டாலர், ஐந்தாம் இடத்துக்கு 11,000, ஆறாம் இடத்துக்கு 7,000. எட்டாம் இடத்துக்குக் கீழே ஒன்றுமில்லை.

ஆசிய விளையாட்டுக்காகத் தெம்பைச் சேர்த்து வைத்துக்கொண்டார்கள் என்கிறார்களே?

ஓரளவு உண்மை. ஹாங்ஜோ ஐந்தே வாரத்தில் வந்தது. அரசு வேலை, மாநிலப் பரிசுத்தொகை, விருது எல்லாம் ஆசிய விளையாட்டுப் பதக்கத்தோடு கட்டிப்போட்டிருக்கும் நாட்டில், உலகப் போட்டியில் பதினைந்தாம் இடமா ஆசியப் பதக்கமா என்று கேட்டால் எந்த வீரரும் பதக்கத்தைத்தான் எடுப்பார். ஹாங்ஜோவில் தடகளத்தில் மட்டும் 29 பதக்கங்கள் வந்தன. சாப்ளே ஸ்டீபிள்சேஸில் தங்கம், அன்னு ராணி 62.92 எறிந்து தங்கம், ஸ்ரீசங்கர் 8.19 தாண்டி வெள்ளி, ரிலே அணிக்குத் தங்கம். புடாபெஸ்டில் காணாமல்போன ஃபார்ம் அங்கே பலருக்குத் திரும்பி வந்திருந்தது.

ஆனால் இதைச் சாக்காக எல்லாருக்கும் நீட்ட முடியாது. நீரஜ், ஜெனா, பாருல், ரிலே நால்வர் எல்லாம் இரண்டு இடத்திலும் செய்து காட்டினார்கள்.

அந்த அணி அதற்குப் பிறகு என்ன ஆனது?

ரிலேதான் பெரிய ஏமாற்றம். 2024 பாரிஸ் ஒலிம்பிக் ஹீட்டில் 3 நிமிடம் 00.58 வினாடி ஓடி வெளியேறியது. அதே பாரிஸில் ஜப்பான் 2 நிமிடம் 58.33 வினாடி ஓடி ஆசியச் சாதனையைத் திரும்ப வாங்கிக்கொண்டது. 2025 டோக்கியோ உலகப் போட்டிக்கு இந்தியத் தொடர் ஓட்ட அணி எதுவும் தகுதி பெறவில்லை. அதே ஆண்டு சென்னையில் தமிழ்நாட்டின் விஷால் தனி 400 மீட்டரை 45.12-ல் ஓடி, அனஸின் பழைய சாதனையை உடைத்தார். அடுத்த ரிலே அணி அவரைச் சுற்றித்தான் கட்டப்பட வேண்டும்.

ஸ்ரீசங்கர் முழங்கால் காயத்தால் பாரிஸுக்குப் போகவே முடியவில்லை. ஜெஸ்வின் பாரிஸில் 7.61. பாருல் 2025-ல் 9 நிமிடம் 12.46 வினாடிக்கு முன்னேறினார். டோக்கியோவில் நீரஜ் முதுகு வலியோடு 84.03 எறிந்து எட்டாம் இடம். முதல்முறை வந்த சச்சின் யாதவ் 86.27 எறிந்து நான்காம் இடம், வெண்கலத்துக்கு 40 சென்டிமீட்டர் பாக்கி. உயரம் தாண்டுதலில் சர்வேஷ் குஷாரே 2.28 மீட்டர் தாண்டி ஆறாவதாக வந்தார். அவர் புடாபெஸ்டில் தகுதிச் சுற்றில் வெளியேறியவர். டோக்கியோவில் தாண்டியது அவருடைய வாழ்நாள் சிறந்த உயரம்.

அடுத்த உலகப் போட்டி 2027 செப்டம்பரில் பெய்ஜிங்கில்.